பூவா, தலையா?

மலையில் பிறந்தவனுக்குப் பாதை என்பது உயிர்நாடி. பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், கவுஞ்சி என எங்கள் கொடைக்கானல் மலை ஊர் எதைச் சொன்னாலும், "அங்கே போக வழி உண்டா?" என்பதே அடுத்த கேள்வி. ஊர்களைப் புள்ளிகளாகவும் பாதைகளைக் கோடுகளாகவும் கொண்டு இக்கேள்வியை ஆராய்வது கோட்டுருவியல்.

பாதைகளைப் பூவா தலையா போட்டு முடிவு செய்தால் என்னவாகும்? ஒவ்வோர் இரண்டு ஊருக்கும் ஒருமுறை நாணயத்தைச் சுண்டுவோம். தலை விழுந்தால் பாதை உண்டு. பூ விழுந்தால் இல்லை. இத்தகைய தற்செயல் கோட்டுருக்களை ஹங்கேரி அறிஞர்கள் பால் எர்டிஷும் ஆல்ஃபிரட் ரேனியும் 1959 முதல் ஆராய்ந்தனர். எர்டிஷ் 1975இல் சென்னைக்கும் வந்திருக்கிறார்.

எந்த இரண்டு ஊரை எடுத்தாலும், அவ்விரண்டோடும் நேர்ப்பாதை உள்ள மூன்றாம் ஊர் ஒன்று இருக்குமா? குறிப்பிட்ட ஓர் ஊர் அப்படி அமையாதிருக்க வாய்ப்பு முக்கால். மொத்தம் நூறு ஊர் என்றால், எஞ்சிய 98 ஊர்களும் அமையாதிருக்க முக்காலை 98 முறை பெருக்க வேண்டும். ஊர் இணைகள் 4950 இருந்தும், ஏதேனும் ஓர் இணை ஏமாறும் வாய்ப்பு கோடியில் ஒரு பங்குகூட இல்லை!

'எல்லா ஊரும்', 'ஏதோ ஓர் ஊர்', 'பாதை உண்டு', 'அதே ஊர்', 'இல்லை' போன்ற சில சொற்களால் மட்டும் அமைந்த எந்தக் கூற்றும், ஊர்கள் பெருகப் பெருக, ஏறத்தாழ நிச்சயமாக மெய்யாகும். அன்றேல் ஏறத்தாழ நிச்சயமாகப் பொய்யாகும். இதுவே பூச்சியம்-ஒன்று விதி. சோவியத் நாட்டின் கிளெப்ஸ்கி குழுவினர் 1969இலும், அமெரிக்காவின் ரொனால்ட் ஃபாகின் 1976இலும் தனித்தனியே இதை வெளியிட்டனர்.

இதை விளக்க ஒரு விளையாட்டே போதும். அதை வகுத்தவர்கள் ஃப்ரைசே, எரன்ஃபாய்க்ட் என்போர். நாணயம் சுண்டி வரைந்த இரண்டு பெரிய மலைப்படங்கள், ஆடுவோர் இருவர். முதல்வன் ஏதேனும் ஒரு படத்தில் ஓர் ஊரைத் தொடுவான். மற்றவன் அடுத்த படத்தில் அதற்கு ஈடான ஊரைத் தொட வேண்டும். முன்பு தொட்ட ஊர்களோடு உள்ள பாதைகள் இரு படத்திலும் ஒத்திருக்க வேண்டும். சுற்றுகள் இத்தனை என்று முன்பே வரையறுக்கப்படும். படம் பெரிதானால் வேண்டிய அமைப்பில் ஓர் ஊர் எப்போதும் கிட்டும். ஈடு கொடுப்பவன் தோற்பதில்லை. ஆகவே ஒரு கூற்று ஒரு படத்தில் மெய்யாகவும் மற்றதில் பொய்யாகவும் இருக்க இடமில்லை. ஆனால், "ஊர்களின் எண்ணிக்கை இரட்டைப்படையா?" என்று அந்தச் சில சொற்களால் கேட்கவே முடியாது. அதனால் அக்கேள்வி விதிக்குள் அடங்காது.

எங்கள் மலையில் வெள்ளகவிக்கு நெடுங்காலம் ஒற்றையடிப் பாதையே இருந்தது. "அது அந்த ஊரின் தலைவிதி" என்பார் உண்டு. கணிதம் அப்படிச் சொல்லவில்லை. தற்செயலிடம் பொறுப்பை விட்டால், அது எந்த ஊரையும் தனியே விடாது. ஓர் ஊர் தனித்து நின்றால் அதற்குக் காரணம் செங்குத்தான மலையாக இருக்கலாம். மனிதரின் பாராமுகமாகவும் இருக்கலாம். நாணயத்தின் மீது மட்டும் பழி போடாதீர்கள், நண்பர்களே!