பதுங்கிப் பாயும் ஆட்டம்

கல்லூரி மலரில் சீட்டாட்டத்தைப் பற்றி எழுதலாமோ என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நெமிலிச்சேரியில் விடுமுறை மாலைகளில் நண்பர் சிலரோடு யாம் ஆடுவது புளியங்கொட்டைக்கேயன்றிக் காசுக்கன்று. போக்கர் திறனைச் சார்ந்த ஆட்டமென்று சென்னை உயர்நீதிமன்றம் 2023 நவம்பரில் கூறிற்று. ஆயினும், திறனாட்டமேயாயினும் இணையத்தில் காசு வைத்தாடுதலைப் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றிய சட்டம் விலக்கிற்று. காசை நீக்கியபின்னும் அவ்வாட்டத்தில் எஞ்சும் பாடம் ஒன்றுண்டு. அதனையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

லிமிட் போக்கரில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாக வழங்கப்படும். முதற்சுற்றுப் பந்தயம் முடிந்தபின் மூன்று சீட்டுகள் யாவர்க்கும் பொதுவாக நடுவில் விரிக்கப்படும். இதனை ஃபிளாப் என்பர். அதன்பின் இன்னும் இரண்டு பொதுச் சீட்டுகள் ஒவ்வொன்றாக வரும். பந்தயத்தின் அளவு முன்னரே வரையறுக்கப்பட்டிருத்தலின் லிமிட் எனப் பெயர் பெற்றது. ஃபிளாப் விரிந்ததும் எதிரிலுள்ள நண்பர் ஒன்றும் வையாது 'செக்' என்று சொல்லி அமைகிறார். அவர் கை மெலிந்ததெனக் கருதி யாம் 2 கொட்டை வைக்கிறோம். உடனே அவர் அதனை 4 ஆக உயர்த்துகிறார். செக்-ரைஸ் என்பது இதுவே. புலி பதுங்கியது பாய்வதற்கென்று அப்போதுதான் விளங்கும்.

இவ்வேளையில் சினம், 'விடாதே, நீயும் உயர்த்து' என்னும். அச்சம், 'சீட்டைக் கவிழ்த்துவிடு' என்னும். இரண்டும் நடுவிலுள்ள கொட்டைகளை எண்ணிப் பார்ப்பதில்லை.

யாம் எண்ணுவோம். முதற்சுற்றில் சேர்ந்தவை 9, எம்முடையவை 2, அவருடையவை 4, ஆக 15. தொடர்ந்தாட யாம் இடவேண்டுவன 2. ஆகவே 17 முறையில் 2 முறை வெல்லும் நிலையிருப்பின் நட்டமில்லை. எம் கையில் இரண்டும் நடுவில் இரண்டுமாக ஆர்ட்டின் நான்கு இருப்பின், யாம் காணாத 47 சீட்டுகளில் 9 எமக்கு உதவும்; ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை அடுத்த சீட்டே கைகொடுக்கும். தொடர்தல் தகும். உதவுவன 4 சீட்டுகளே எனின், அடுத்த சீட்டை மட்டும் நோக்குமிடத்து விலை மிகுதி, விடுதலே நன்று. நண்பரோ 4 இட்டு, அப்போது நடுவிலிருந்த 11ஐக் கவர முயல்கிறார். 15 முறையில் 4 முறைக்கு மேல் யாம் அஞ்சி விலகின், வெறுங்கையோடு பாய்ந்தாலும் அவருக்கு ஆதாயமே.

இருவர் ஆடும் லிமிட் போக்கரைக் கணினியால் ஏறத்தாழ முற்றும் தீர்த்துவிட்டதாகக் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர். அக்கணினி தன்னோடு தானே ஆடி, வேறு செய்திருப்பின் எவ்வளவு பெற்றிருக்கலாம் என்று கணக்கிட்டுத் தன்னைத் திருத்திக்கொண்டது. சினமும் நாணமும் அதற்கில்லை.

மாந்தர்க்கு அவை உண்டு. அச்சட்டம் வருவதற்கு முன், எம்மோடு ரயிலில் வரும் இளைஞர் ஒருவர் கைபேசியில் காசு வைத்தாடித் தம் மாத ஊதியத்தை இழந்தார். நிறுத்துமாறு சொன்னபோது, "இவ்வளவு போட்டபின் எப்படி அண்ணா விடுவது?" என்றார். நாட்டை இழந்தபின் தம்பியரையும், தம்பியரை இழந்தபின் தன்னையும், இறுதியில் துரௌபதியையும் பணயம் வைத்த தருமனும் அந்நெறியிலேயே சென்றான்.

நடுவில் இட்டவை இட்டவர்க்கு உரியன அல்ல, வெல்பவர்க்கே உரியன. முன்னர் எவ்வளவு இட்டோம் என்பதையும், எம்மை ஏய்த்தவர் யார் என்பதையும் மறந்து, இனி இடவேண்டுவது எவ்வளவு, அதனால் வரக்கூடுவது எவ்வளவு என்று மட்டும் வினவுதல் வேண்டும். புளியங்கொட்டையில் இதனைப் பழகிக்கொள்வார்க்குச் செலவொன்றும் இல்லை.