முரளியின் கையும் எங்கள் பிள்ளைகளும்



முத்தையா முரளிதரனை ஐ.சி.சி. 2016இல் 'ஹோல் ஒஃப் ஃபேம்' பட்டியலில் சேர்த்தது. இந்தக் கௌரவத்தைப் பெற்ற முதல் இலங்கையர் அவர்தான். 133 ரெஸ்ட், 800 விக்கெட். எங்களுக்குப் பெருநாள் மாதிரி இருந்தது.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளம் முகாம்களில் வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். தென்னை மட்டைதான் எங்கள் துடுப்பு. பந்து கையில் கிடைத்தால் எல்லோரும் முரளிதான். 1995 டிசம்பர் 26, மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் அவருக்கு ஏழு முறை 'நோ-போல்' கொடுத்தார். பந்தை எறிகிறாராம். றேடியோவில் அதைக் கேட்ட அன்று எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

பிறப்பிலேயே முழுதாக நிமிராத முழங்கை அவருடையது. எத்தனை முறை ஆய்வுகூடத்தில் வைத்து அளந்தார்கள்! கடைசியில் மற்றவர்களையும் அளந்து பார்த்தபோதுதான், அநேகமாக எல்லாப் பந்துவீச்சாளர்களின் முழங்கையும் கொஞ்சம் மடங்கி நிமிர்வது தெரிய வந்தது. பிறகு 15 பாகை வரை எல்லோருக்கும் அனுமதி என்று விதியையே மாற்றினார்கள். அதுவரை அவர் பந்து போடுவதை நிறுத்தவில்லை. 2010 ஜூலையில் காலியில், தன் கடைசி ரெஸ்டில் தான் வீசிய கடைசிப் பந்தில் 800ஆவது விக்கெட்டை எடுத்துவிட்டுத்தான் போனார்.

இதை ஏன் எழுதுகிறோம் என்றால், எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை சில நாட்களாக விளையாட வருவதில்லை. கேட்டால், "என்னைப் புத்தளத்தான் எண்டு சொல்றாங்க சேர்" என்றான். அங்கே இருந்தபோது எங்களை 'யாழ்ப்பாணத்தான்' என்றார்கள். வாப்பாவின் ஊருக்குத் திரும்பி வந்த பிள்ளைக்கு இங்கே இந்தப் பெயர். சொல்பவர்களும் எங்கள் பிள்ளைகள்தான். வீட்டில் பெரியவர்கள் பேசுவதைத்தானே அவர்கள் சொல்கிறார்கள்?

வகுப்பில் முரளியின் கதையைச் சொன்னோம். பின்னேரம் முதல் ஓவரை அந்தப் பிள்ளையிடமே கொடுத்தோம். மூன்று வைட் போட்டான். நாலாவது பந்து நன்றாகத் திரும்பியது. கேலி செய்தவர்களே முதலில் கை தட்டினார்கள்.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளைகளுக்கும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.