பேரப்பிள்ளைக்கு ஒரு பானை புளி

மகளுக்கு ஆவணியில் பிரசவம். எங்க வீட்டில் தொட்டில் பேச்சுக்கு முன்னாடியே புளிப் பேச்சு வந்துடுச்சு. பிள்ளை பெத்தவளுக்குப் பத்தியக் குழம்பு வைக்கப் புதுப்புளி ஆகாது, சூடும்பாங்க. ஒரு வருசமாவது கிடந்த பழம்புளிதான் வேணும்.

கடையில வாங்கினா என்னன்னு கேப்பீங்க. கருப்பா இருக்கிறதெல்லாம் பழசு இல்லைங்க. ஈரத்தோட அடைச்சு வச்சாலும் சீக்கிரம் கருத்துடும்.

எங்ககிட்ட போன வருசத்துப் பானை ரெண்டு. கிணத்தடி மரத்துப் புளி நல்ல சதைப்பத்து. களத்துமேட்டு மரத்துது நாரு ஜாஸ்தி, பார்வைக்குச் சுமார்தான். ஆனா நல்லாக் காஞ்சது. ரெண்டையும் மாசியில உலுக்கி, ஓடு உடைச்சு, கொட்டை எடுத்து, கல்லுப்பு தூவி அமுக்கி வச்சோம். ஈரக்கை உள்ள போகக் கூடாது. என் வீட்டுக்காரம்மா யாரையும் தொடவிடல.

இப்ப வியாபாரி ரெண்டையும் கேட்டு நிக்கிறார். உரக்கடை பாக்கி வேற கழுத்தை நெரிக்குது. மோந்து பாத்துட்டு, "களத்துமேட்டுப் பானையில கை வைக்காதீங்க"ன்னுட்டா. கிணத்தடிப் பானையை மட்டும் எடை போட்டேன். பாதி பாக்கிதான் தீந்துச்சு.

பிரசவத்தை அவங்க ஊர்லயே பாத்துக்கலாம்னு மாப்பிள்ளை வீட்டில் ஒரு பேச்சு ஓடுது. எங்க பாத்தாலும் சரி, பானை கூடவே போகும்.