கூட்டினுள் ஒரு மின்குமிழ்

கோழிக்குஞ்சு தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வல்லமையோடு பிறப்பதில்லை. அதன் மேனியிலுள்ள மென்தூவி கண்ணுக்கு இனியதேயன்றிக் குளிருக்குக் கவசமன்று. முதல் வாரத்தில் ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பம் அதற்கு வேண்டும். பின்னர் வாரந்தோறும் மூன்று பாகையளவிற் குறைத்துக்கொண்டு போகலாம். இறகு முளைத்து முடிய ஐந்தாறு வாரங்கள் செல்லும். நுவரெலியா மாவட்டத்துத் தோட்டமொன்றில், லயத்துக்குப் பின்னாற் பலகையும் தகரமும் கொண்டு அடித்த கூட்டில், அந்த ஐந்தாறு வாரங்களைக் கடத்துவது எளிதன்று.

அடைகிடந்த தாய்க்கோழி உடனிருப்பின் இச்சிக்கலே எழாது. ஏறத்தாழ 41 பாகை உடற்சூடுடைய அது, தன் சிறகினடியிற் குஞ்சுகளை ஒடுக்கிக்கொள்ளும். ஆனால் 2022 மார்ச் மாதத்தில் என் தாயார் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய 25 பேட்டுக் குஞ்சுகளும் பொறிப்பகத்திற் பிறந்தவை, தாயறியாதவை. அவற்றுக்குத் தாயாக வாய்த்தது வீட்டிலிருந்து கம்பியிழுத்துத் தொங்கவிட்ட 60 வாற்று மின்குமிழ் ஒன்றே.

வெப்பமானி எங்களிடம் இருக்கவில்லை. குமிழின் கீழே குஞ்சுகள் நெருக்கியடித்தால் குளிர். ஓரங்களுக்கு விலகி வாய் திறந்து மூச்சுவாங்கினால் வெப்பம் மிகுதி. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கோ இடுக்கு வழியே காற்று வருகிறது. பரவலாகக் கிடந்து உறங்கினால் யாவும் நலமே. அம்மாவுக்கோ இந்தப் பார்வைகூட வேண்டியதில்லை. படுக்கையிற் கிடந்தவாறே, குஞ்சுகளின் கூரிய கீச்சொலியையும் மெல்லிய முணுமுணுப்பையும் கொண்டு கூட்டின் நிலையைச் சொல்லிவிடுவார்.

அம்மாத இறுதியில் நாட்டின் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை நீண்டது. மண்ணெண்ணெய்க்கோ வரிசை. மின்குமிழ் எங்களுக்குத் தந்திருந்தது வெப்பத்தை மட்டுமன்று, உறக்கத்தையும் என்பது அப்போதுதான் புலனாயிற்று. காலையிற் கொழுந்துக் கூடையுடன் மலையேற வேண்டிய ஒருத்தியின் உறக்கத்துக்கு எந்தப் பொருளியற் கணக்கிலும் விலை குறிக்கப்படுவதில்லை என்பதைக் கலைப்பீட மாணவனாகிய நான் இன்றும் கவனித்து வருகிறேன்.

அம்மாயிதான் வழி சொன்னார். வெற்றுச் சாராயப் போத்தல்களில் அடுப்பிற் காய்ந்த வெந்நீரை நிரப்பி, இறுக மூடி, பழஞ்சீலை சுற்றி, மரத்தூளின்மேற் கிடத்தினோம். கூட்டைச் சாக்கினால் மூடி, மேற்புறத்தில் மாத்திரம் மூச்சுக்கு இடம் விட்டோம். முற்றாக மூடினால் ஈரமும் எச்சத்தின் நெடியும் குளிரைவிடக் கொடியவை. போத்தலின் சூடு இரண்டு மணித்தியாலத்திற்குமேல் நில்லாது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த நான் நள்ளிரவுவரை விழித்திருப்பேன், அதன்பின் அம்மாயி. அம்மாவை எழுப்புவதில்லையென இருவரும் பேசிக்கொண்டோம். ஆயினும் குஞ்சொன்று கூவிய மாத்திரத்தே அவர் எழுந்து அமர்ந்துவிடுவார். “போத்தல் ஆறிப்போச்சு போல, பாரு தம்பி” என்பார். பெரும்பாலும் ஆறித்தான் இருக்கும்.

ஓர் இரவு மழைச்சாரல் சாக்கை நனைத்தது. குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறின. அடியிலிருந்த மூன்று மூச்சுத்திணறி மடிந்தன. அம்மா அவற்றைக் கொய்யா மரத்தடியிற் புதைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

எஞ்சிய 22 பேடுகளும் வளர்ந்தன. ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது, அவற்றுட் சில முட்டையிடத் தொடங்கியிருந்தன.