பாட்டி அணைக்காத ஏசி

ஃபிரிட்ஜ் கெட்டுப்போனால் பால் திரியும். டிவி கெட்டுப்போனால் சீரியல் போகும். மே மாதத்தில் ஏசி கெட்டுப்போனால்? ரெண்டு நாள் தூக்கம் போகும், அவ்வளவுதானே என்றுதான் அந்தப் பெரம்பூர் வீட்டிலும் முதலில் நினைத்தார்கள்.

2025 மே மாதம். கத்திரி வெயில் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. மூன்று மாடிக் கட்டிடத்தில் கடைசி மாடி வீடு அது. தலைக்கு மேலே நேராக மொட்டைமாடி. மேற்குச் சுவரில் மதியம் விழ ஆரம்பிக்கும் வெயில் சாயங்காலம் ஆறு மணி வரை நகராது. வீட்டில் நான்கு பேர்: அப்பா, அம்மா, மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கும் பையன், 78 வயதுப் பாட்டி.

செத்துப்போனது 2011-ல் வாங்கிய ஒன்றரை டன் ஜன்னல் ஏசி. அதற்கு வருஷா வருஷம் ஒரு சடங்கு உண்டு. மார்ச் மாதம் மெக்கானிக் வருவார், ஏசியைத் தட்டிப் பார்ப்பார், "கேஸ் கம்மியா இருக்கு சார்" என்பார். அப்பா பணம் கொடுப்பார். நான்கு வருடமாக இதே கதை. பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் என்றே அப்பா நம்பியிருந்தார். உண்மையில் ஏசிக்குள் இருக்கும் வாயு தீரவே தீராது. மூடிய குழாய்க்குள் அதே வாயுதான் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அது குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டையை அடைக்காமல் வாயு நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. நான்கு வருடம் பிடித்தார்கள். ஐந்தாம் வருடம் கம்ப்ரசரே போய்விட்டது.

"கம்ப்ரசர் மாத்தலாம் சார், ஆனா வேஸ்ட்" என்று மெக்கானிக்கே சொல்லிவிட்டார். அதில் இருந்தது ஆர்-22. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் உலகம் முழுக்கப் படிப்படியாக விலக்கப்படும் வாயு. பதினான்கு வயது மிஷினுக்குப் பெரிய பணம் போட்டு, வழக்கொழியும் வாயுவை வாங்கி நிரப்புவதில் அர்த்தமில்லை. புதுசுதான் வாங்க வேண்டும். மாசக் கடைசியில் பார்க்கலாம் என்று அப்பா முடிவு செய்தார்.

மூன்றாவது நாள் ராத்திரி மூன்று மணிக்குப் பாட்டி பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பாட்டில் சலைன் ஏற்றினார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, உடம்பில் நீர்ச்சத்து போய்விட்டது என்றார் டாக்டர். வயதானால் வியர்ப்பதும் குறையும், தாகம் எடுப்பதும் குறையும். பாட்டி சாப்பிடும் பிரஷர் மாத்திரை வேறு நீரை வெளியேற்றுகிற வகை. "பகல்ல பட்ட சூடு ராத்திரியிலயாவது ஆறணும். ராத்திரியும் ஆறலேன்னா உடம்பு எப்ப ஆறும்?" என்று டாக்டர் கேட்ட கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை.

அன்றுதான் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. பழைய ஏசி நன்றாக ஓடிய காலத்திலும் பாட்டி ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எழுந்து அதை அணைத்துவிடுவாராம். மத்தியானம் எல்லோரும் வெளியே போனபின் போடவே மாட்டாராம். "எனக்கு ஒருத்திக்காக எதுக்குடா அவ்ளோ கரண்ட்டு? பில்லு வந்தா உங்கப்பன் மூஞ்சிய பாக்க முடியல" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

பையனுக்கு அந்த நிமிடத்தில் ஒன்று புரிந்தது. வாங்க வேண்டியது வெறும் ஏசி இல்லை. பாட்டி அணைக்காத ஏசி.

*

கடைக்குப் போனார்கள். ரூம் எவ்வளவு பெரிசு என்று கேட்பதற்கு முன்னாலேயே விற்பனையாளர் ஆரம்பித்துவிட்டார். "டாப் ஃப்ளோரா சார்? கண்ணை மூடிட்டு ரெண்டு டன் போயிடுங்க. ஒன்றரைக்குக் கம்மியா யோசிக்கவே யோசிக்காதீங்க."

டன் என்றால் மிஷினின் எடை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எடை இல்லை. ஐஸ் கட்டியை வைத்துக் குளிரூட்டிய காலத்தின் மிச்சம். ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அதுதான் ஒரு டன். மணிக்கு 12,000 பி.டி.யூ., அல்லது சுமார் 3.5 கிலோவாட். ஆக, ஏசி வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி "எத்தனை டன் வேணும்?" என்பதல்ல. "ரூமுக்குள்ள எவ்வளவு சூடு வருது, எங்கிருந்து வருது?" என்பதுதான்.

பாட்டியின் ரூம் பத்துக்குப் பதினொன்று, 110 சதுர அடி. சாதாரணமாக ஒரு டன் தாராளம். ஆனால் மேல்மாடி. பகல் முழுக்கக் காங்கிரீட் தளம் வெயிலைக் குடிக்கிறது, ராத்திரி முழுக்க அதைக் கீழே கக்குகிறது. ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டால் அனல் காற்று வருவது அதனால்தான்.

அந்தச் சூட்டைச் சமாளிக்க இரண்டு வழி. பெரிய ஏசி வாங்கி, வருகிற சூட்டை எல்லாம் காசு கொடுத்து வெளியே தள்ளலாம். அல்லது சூடு உள்ளே வருவதையே குறைக்கலாம்.

பெரிய ஏசியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தேவைக்கு மேல் பெரிசாக இருந்தால் ரூம் சட்டென்று குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும். காற்றில் உள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரமே கிடைக்காது. சில்லென்று இருக்கும், ஆனால் பிசுபிசுவென்றும் இருக்கும். இன்வெர்ட்டர் ஏசி நின்று நின்று ஓடாமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடுவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் அதன் வேகத்தையும் ஒரு அளவுக்குக் கீழே குறைக்க முடியாது. சென்னையில் பாதி அவஸ்தை வெயிலால், மீதி ஈரத்தால். சொல்லப்போனால் 1902-ல் வில்லிஸ் கேரியர் தன் முதல் இயந்திரத்தை வடிவமைத்ததே மனிதர்களுக்காக இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு அச்சகத்தில் ஈரக்காற்றால் காகிதம் விரிந்து சுருங்கி அச்சு கெட்டது. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான்!

பையன் சொன்னான்: "ஒன்றரை டன் வேணாம்பா. மொட்டைமாடிக்கு வெள்ளை அடிச்சிட்டு ஒரு டன் வாங்கலாம்."

"ஏசி வாங்க வந்தா பெயிண்ட் வாங்கச் சொல்றானே" என்று அப்பா விற்பனையாளரைப் பார்த்தார். விற்பனையாளர் வேறு கஸ்டமரைப் பார்த்தார்.

மொட்டைமாடி பொதுச் சொத்து. குடியிருப்பவர்களின் சம்மதம் வேண்டும். இரண்டாம் மாடி மாமி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: வடாம் காய வைக்கிற இடத்தில் கை வைக்கக்கூடாது. ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனும் அவன் கிளாஸ்மேட் இரண்டு பேரும் தளத்தைத் தேய்த்துக் கழுவி, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சை இரண்டு கோட் அடித்தார்கள். வெயிலில் நின்றால் கண் கூசியது. கண் கூசுகிறது என்றால் வெயில் திரும்பிப் போகிறது என்று அர்த்தம். மறுநாள் ராத்திரி பாட்டி கட்டில் மேல் ஏறி நிற்காத குறையாக ஸீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னடா, மேலேர்ந்து அடிக்கிற அனலக் காணோம்?"

*

அடுத்தது ஸ்டார்.

ஏசி மேல் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களை எண்ணிவிட்டு வருபவர்கள்தான் அதிகம். நட்சத்திரம் நிரந்தரமில்லை. ஸ்பிளிட் ஏசியில் 2018 முதல் ஐந்து நட்சத்திரம் வாங்க ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண் 4.5 இருந்தால் போதும் என்று இருந்தது. 2022 ஜூலையில் அதை 5 ஆக உயர்த்தினார்கள். அதாவது, அதற்கு முந்தைய ஸ்டாக்கில் தூங்கிய பல ஐந்து நட்சத்திரங்கள் அந்தக் கணக்கில் நான்காகிவிட்டன. அதனால் நட்சத்திரத்தை விட அந்த எண்ணைப் பார்ப்பது நல்லது. லேபிள் எந்த வருடத்துக்கானது என்று பார்ப்பது அதைவிட நல்லது.

அந்த எண்ணின் அர்த்தம் சுலபம். ஒரு சீசனில் மொத்தம் எவ்வளவு வெப்பத்தை வெளியேற்றியது, அதற்கு எவ்வளவு மின்சாரம் தின்றது, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது. 3.8 உள்ள ஏசி 100 யூனிட் தின்று செய்யும் வேலையை, 5 உள்ள ஏசி 76 யூனிட்டில் முடித்துவிடும்.

லேபிளில் வருடத்துக்கு இத்தனை யூனிட் என்று ஒரு கணக்கும் இருக்கும். அது வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட கணக்கு. பையன் பாட்டிக்காகத் தனிக் கணக்குப் போட்டான். ராத்திரி 9 மணி நேரம், 150 நாள்: 1,350. மத்தியானம் 3 மணி நேரம், 120 நாள்: 360. மொத்தம் 1,710 மணி நேரம். ஆக, லேபிள் கணக்கு இந்த வீட்டுக்கு ஏறக்குறைய பொருந்தும். வருடத்தில் முப்பது நாள் மட்டும் ஏசி போடுகிற வீடாக இருந்தால் மூன்று ஸ்டாரே போதும். ஐந்து ஸ்டாருக்குக் கொடுத்த கூடுதல் காசு திரும்பி வரவே வராது. யாருக்கு எது நல்லது என்பதை முடிவு செய்வது மிஷின் இல்லை, மணிக்கணக்குதான்.

தமிழ்நாட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. இங்கே ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே உள்ள யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, கீழே கிடைத்த சலுகையிலும் கொஞ்சம் கை வைத்துவிடுவார்கள். அந்தக் கோட்டுக்கு அருகில் நிற்கும் வீட்டுக்கு மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் முக்கியம்.

கடைசியில் ஒரு டன், ஐந்து ஸ்டார், இன்வெர்ட்டர், செம்புக் காயில், ஆர்-32 வாயு. விலை 42,000 ரூபாய். ஒன்றரை டன் மூன்று ஸ்டார் விலையிலிருந்து பெரிய வித்தியாசம் இல்லை. பெரிய மிஷினுக்குப் போக இருந்த பணம் நல்ல மிஷினுக்குப் போனது.

*

ஏசியைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் செலவழிப்பவர்கள், மாட்டும் நாளன்று ஆபீஸ் போய்விடுவார்கள். பாதி ஏசிகள் கெட்டுப்போவது அன்றுதான்.

மாட்ட வந்தவர்கள் அவசரத்தில் இருந்தார்கள். பைப்பை இணைத்து, உள்ளே இருக்கும் காற்றை ஏசி வாயுவாலேயே ஊதித் தள்ளிவிட்டு முடித்துவிடலாம் என்று பார்த்தார்கள். பையன் விடவில்லை. "அண்ணே, வேக்குவம் பம்ப் போடுங்க." குழாய்க்குள் காற்றும் ஈரமும் தங்கினால் எண்ணெயைக் கெடுக்கும், கம்ப்ரசரை அரிக்கும். ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது, அதனால் குழாய்க்குள் காற்று கலப்பது ஆபத்தும்கூட. "வண்டியில இருக்கு தம்பி" என்று அலுத்துக்கொண்டே கீழே இறங்கிப்போய் எடுத்து வந்தார்கள். வந்தவர்களுக்கு மோர் கொடுத்தார் பாட்டி. அதன்பின் வேலை நிதானமாக நடந்தது!

வெளி யூனிட்டை வெயில் படாத வடக்குச் சுவரில், முன்னால் எதுவும் மறைக்காதபடி மாட்டினார்கள். பழைய ஜன்னல் ஏசி இருந்த ஓட்டையை பிளைவுட் வைத்து மூடாமல் செங்கல் வைத்துப் பூசினார்கள். பிளைவுட் இடுக்கில் குளிர் போனால் ஐந்து ஸ்டாரும் போன மாதிரிதான்.

முதல் ராத்திரி. 26 டிகிரி, கூடவே ஃபேன் மெதுவாக. பாட்டி பன்னிரண்டு மணிக்கு எழுந்தார். ரிமோட்டைத் தேடினார். பையன் முழித்துக்கொண்டுதான் இருந்தான்.

"பாட்டி, இன்னைக்கு ஒரு நாள் விடுங்க. காலைல மீட்டர் பாக்கலாம். அதிகமா இருந்தா நாளைலேர்ந்து நீங்களே அணைச்சிடுங்க."

காலையில் இருவரும் மீட்டர் பெட்டி முன்னால் நின்றார்கள். பாட்டி முதல் நாள் சாயங்காலமே காலண்டர் தாளின் பின்பக்கம் ரீடிங்கை எழுதி வைத்திருந்தார் (கணக்கில் பாட்டியை ஏமாற்ற முடியாது). ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் கழித்துப் பார்த்தால் ஏசிக்கு நாலு யூனிட். யூனிட்டுக்கு எட்டு ரூபாய் என்று வைத்தாலும் முப்பத்திரண்டு ரூபாய்.

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓட்டல்ல ஒரு காபி இவ்ளோதானேடா?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து அணைக்கவில்லை.

நான்கு மாதம் கழித்து, 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அப்பா கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்த்தார். 42,000 ரூபாயில் சுமார் 3,300 மிச்சமாகியிருக்கும். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம்" என்று புலம்பினார்.

"ஏன், நான் பொறுத்திருப்பேனா?" என்றார் பாட்டி.

அப்பா கால்குலேட்டரை மூடி வைத்துவிட்டார்.

எத்தனையோ வீடுகளில் ஏசி சுவரில் இருக்கிறது, ரிமோட் பீரோவில் இருக்கிறது. பில்லுக்குப் பயந்து வியர்த்துக் கிடப்பவர்கள் பெரும்பாலும் அந்த வீட்டின் வயசானவர்கள்தான். புது ஏசி வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்பதற்கு முன் வீட்டில் அவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: "நாங்க இல்லாதப்ப இதைப் போடுவீங்களா?" பதில் "ஆமாம்" என்று வருகிற மாதிரி ஒன்றைத் தேடுவதுதான் ஏசி வாங்குவது. மற்றதெல்லாம் பெட்டி வாங்குவது.