தேயிலை இல்லாத தேநீர்

கொரியர்கள் "போரிச்சா" என்றழைக்கும் பானத்தில் தேயிலை மருந்துக்கும் கிடையாது. "போரி" என்றால் பார்லி. "சா" என்றால் தேநீர். தேயிலை விற்று வாழும் நாட்டிலிருந்து சென்ற எனக்கு, சியோலின் சிற்றுணவகமொன்றில் கேளாமலே கொண்டுவந்து வைக்கப்பட்ட அந்தப் பழுப்பு நீரைத் தேநீரென ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. பாலில்லை, சீனியில்லை. ஆனால் இரண்டு மிடறு உள்ளே இறங்கியதும், அடிப்பிடித்த சோற்றின் வாசனை நினைவில் எழுந்தது.

அந்த நினைவு பொருத்தமானதுதான். முன்னர் கொரிய வீடுகளில், சோறாக்கிய இரும்புப் பானையின் அடியில் ஒட்டிய தீய்ந்த சோற்றில் நீரூற்றிக் கொதிக்கவைத்து, உணவுக்குப் பின் அருந்தினர். அதன் பெயர் சுங்னியுங். மின்சார ரைஸ் குக்கர் வந்தபின் அடிப்பிடிப்பதும் குறைந்தது, சுங்னியுங்கும் அருகியது. பார்லியை வறுத்துப் பெரிய கேத்தலில் காய்ச்சி, கோடையில் குளிரவைத்தும் பனிக்காலத்தில் சூடாகவும் குடிப்பது வீடுதோறும் வழக்கமாயிற்று. காஃபீன் இல்லாததால் குழந்தைகளுக்கும் அதுவே குடிநீர்.

பத்திரிகைக்காரனான என் கவனத்தை ஈர்த்தது சுவையைவிட அந்தத் தண்ணீரின் அரசியலே. தென் கொரியாவில் போத்தல் தண்ணீரை உள்நாட்டு மக்களுக்கு விற்பது நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது. விற்றால் குழாய் நீரில் நம்பிக்கை போய்விடும், வசதி உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் இடையே பிளவு வளரும் என்று அரசு வாதிட்டது. 1988 ஒலிம்பிக்கின்போது வெளிநாட்டவருக்காகத் தடை தற்காலிகமாகத் தளர்த்தப்பட்டது. (விருந்தாளிக்கு ஒரு தண்ணீர், வீட்டுக்காரனுக்கு ஒரு தண்ணீர்!)

1991 மார்ச்சில் கூமி நகரத் தொழிற்சாலையொன்றிலிருந்து ஏறத்தாழ 30 தொன் ஃபீனோல் நக்டோங் ஆற்றில் கலந்தது. தேகு நகரின் குழாய்களில் துர்நாற்றம் வீசியது. கிருமிக்குக் கொதிநீர் போதும், இரசாயனத்துக்குப் போதாது. எத்தனை பார்லி போட்டுக் காய்ச்சினால்தான் என்ன?

1994 இல் உச்ச நீதிமன்றம், மகிழ்ச்சியை நாடும் குடிமக்களின் உரிமைக்கு அத்தடை முரணானது என்று தீர்ப்பளித்தது. 1995 இல் சட்டமும் வந்தது. தீர்ப்பு நியாயமானதே. ஆயினும், குழாய் நீரைத் தூய்மையாக்கும் பொறுப்பிலிருந்து அரசுகள் நழுவ அத்தகைய தீர்ப்புகள் வழிவிடுமோ என்ற ஐயம் எனக்குண்டு.

இன்று சியோல் கடைகளில், தண்ணீர்ப் போத்தல்களுக்கு அருகே போரிச்சாவும் பிளாஸ்டிக் போத்தலில் அடைபட்டு விலைச்சீட்டுடன் நிற்கிறது.