பரங்கிக்காயைத் தெரிந்தே சாப்பிடட்டும்

நாகை மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. புதன்கிழமை காலை நான் சமையலறைக்குள் போனபோது வெண்பொங்கல் இறக்கியாகிவிட்டது, சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. பரங்கிக்காயும் கேரட்டும் பெரிய பெரிய துண்டுகளாகக் கிடந்தன.

"பொடிசா நறுக்கினா பிள்ளைங்க ஒதுக்கி வைக்க மாட்டாங்களே அக்கா?" என்று கேட்டேன்.

"மறைச்சுக் குடுத்தா காய்னே தெரியாமப் போயிடும். தெரிஞ்சே சாப்புடட்டும்" என்றார் சமைத்துக்கொண்டிருந்தவர்.

மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்தவர் அவர். மகள் இதே பள்ளியில் படிக்கிறாள். அப்படிப்பட்ட தாய்மார்களையே சமையலுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று காலை உணவுத் திட்டத்தில் விதி இருக்கிறது. அருமையான விதி. தன் பிள்ளையும் சாப்பிடப்போகும் சாப்பாட்டில் யாரும் அலட்சியம் காட்ட மாட்டார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம், 2023 ஆகஸ்ட் 25 அன்று இதே மாவட்டத்துத் திருக்குவளையிலிருந்து தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு பிள்ளைக்கு அரிசியோ ரவையோ 50 கிராம், பருப்பு 15 கிராம். சமைத்த பிறகு தட்டில் விழுவது 150 முதல் 200 கிராம் உணவும், 100 மில்லி காய்கறி சாம்பாரும்.

தலைமையாசிரியை முதலில் ருசி பார்த்தார். பிள்ளைகள் குழாயடியில் கை கழுவிவிட்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். மூன்றாம் வகுப்பு வரிசையில் நானும் உட்கார்ந்துகொண்டேன். பக்கத்துப் பையன் பரங்கிக்காயைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளினான். அவனுக்கு அடுத்திருந்த சிறுமியோ தன் பங்கை முடித்துவிட்டு, "அக்கா, இன்னும் காய் போடுங்க" என்றாள். அவன் அவள் தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான். முகத்தைச் சுளித்தான், ஆனால் விழுங்கினான். யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அதட்டினா இன்னிக்குத் தின்னுடுவான், நாளைக்கு மறுபடி ஒதுக்குவான்" என்றார் டீச்சர்.

இந்தப் பள்ளியில் நான் பார்த்தவற்றில் இதுதான் பெரிது. பிள்ளை பிள்ளையைப் பார்த்துத்தான் சாப்பிடப் பழகுகிறது.

பேத்தியைக் கொண்டுவந்து விட்ட பாட்டி ஒருவர் திண்ணையோரம் நின்றிருந்தார். "வீட்டுல இதே பரங்கிக்காயத் தொடமாட்டேங்குறா தம்பி" என்றார். வீட்டில் எப்படிச் சாப்பிடுவாள் என்று கேட்டேன். "கட்டில்ல உக்காந்து போன் பாத்துக்கிட்டுத்தான். நாங்க அப்புறமாச் சாப்புடுவோம்."

வாசலுக்கு வந்தேன். எதிரிலேயே பெட்டிக்கடை. பொரித்த நொறுக்குத்தீனிப் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. கீழே சாயம் கலந்த இனிப்புப் பான பாட்டில்கள். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளோ, வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ விற்கக் கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-லேயே விதி கொண்டுவந்துவிட்டது. அந்தக் கடைக்கும் பள்ளி வாசலுக்கும் நடுவே இருந்தது ஒரு தெரு அகலம். காலையில் அத்தனை அக்கறையோடு ஊட்டிய பழக்கத்தை மாலை மணி அடித்ததும் ஐந்து ரூபாய் பாக்கெட் கலைத்துவிடுகிறது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் அந்த 50 மீட்டரைப் பற்றிப் பேசுங்கள். கடைக்காரரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். வேர்க்கடலை உருண்டையும் கொய்யாவும் அவரே விற்கட்டும். வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுக்காவது போனை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்காருங்கள். உங்கள் தட்டிலும் அதே காய் இருக்கட்டும்.